பக்கத்தில் வைக்கக் கூடாதவை

வைப்பாற்றில் தண்ணீர் வராமல் போன மூன்றாவது வருஷம், ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், பகல் பதினோரு மணி வாக்கில், செம்பகத்தின் கேசட்டுகள் குட்டி போட்டன. அன்று தீப்பெட்டி ஆபீஸுக்கு லீவு. மாடி அறையில் தரையில் உட்கார்ந்து, தன்னிடம் இருந்த முன்னூற்று நாற்பது கேசட்டுகளையும் ஒவ்வொன்றாகத் துடைத்து மர அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தவள், நாதஸ்வரக் கேசட்டுக்கும் நையாண்டி மேளக் கேசட்டுக்கும் நடுவில் கட்டைவிரல் நீளத்தில் இன்னொன்று கிடப்பதைப் பார்த்தாள். அதன் சக்கரங்கள் இரண்டும் மிளகு அளவில் இருந்தன, நாடா தையல் நூலைவிட மெல்லியதாக இருந்தது, எடுத்து உள்ளங்கையில் வைத்தபோது அப்போதுதான் பொரிந்த கோழிக்குஞ்சைப் போல வெதுவெதுப்பாக இருந்தது. இது எப்படி வந்தது என்று அவள் யோசிக்கவில்லை. இதற்கு என்ன நம்பர் போடுவது என்றுதான் யோசித்தாள்.

ஏனென்றால் அவளுடைய நோட்டில் ஒவ்வொரு கேசட்டுக்கும் ஒரு நம்பர் இருந்தது, ஒவ்வொரு நம்பருக்கும் அலமாரியில் ஓர் இடம் இருந்தது, பதினெட்டு வயதில் முதல் கேசட் வாங்கியதிலிருந்து நாற்பது வயதுவரை அந்த இடங்கள் மட்டும்தான் அவள் சொன்னபடி இருந்தன. மற்றதெல்லாம் அண்ணன் கனகவேல் சொன்னபடி. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளுக்கு வந்த வரன்களை எல்லாம் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அண்ணன் தள்ளி வைத்தார், அடுத்த வருஷத்துக்குள் மதினி விசாலத்துக்கு ஒரு பிள்ளை பிறந்தது, அந்தப் பிள்ளையைத் தூக்கி வளர்க்க ஆள் வேண்டியிருந்தது, அப்படி மூன்று பிள்ளைகள் வளர்ந்து முடிந்தபோது வரன் வருவது நின்றிருந்தது. பகலெல்லாம் ஆபீஸில் தீப்பெட்டிகளை அடுக்கிப் பண்டல் கட்டுவாள். வீட்டுக்கு வந்தால் பாட்டுகளை அடுக்குவாள்.

அந்தக் கேசட்டுகளில் பாதிக்கு மேல் பஜாரில் மிக்கேல் வைத்திருந்த அமலி ரெக்கார்டிங் சென்டரில் பதிந்து வாங்கியவை. ஒரு தாளில் பாட்டுகளின் பெயரை எழுதிக் கொடுப்பாள், நாலு நாள் கழித்துப் போய் வாங்கிக்கொள்வாள், இரண்டு பேரும் பேசிக்கொண்டதெல்லாம் சேர்த்தால் ஒரு கேசட்டின் ஒரு பக்கம்கூட நிறையாது. ஆனால் அவள் எழுதிய பாட்டுகள் முடிந்த பிறகு பி பக்கத்தின் கடைசியில் இரண்டு நிமிஷமோ மூன்று நிமிஷமோ நாடா மிச்சம் இருக்கும், அந்த மிச்சத்தில் மிக்கேல் கேட்காமலே ஏதாவது ஒரு பாட்டைப் பதிந்து கொடுப்பார், பாட்டு முடியும் முன்பே நாடா முடிந்துவிடும். அடுத்த தடவை எழுதும் தாளில் அவள் அந்தப் பாட்டை முதலாவதாக எழுதுவாள், முழுசாக வேண்டும் என்று. இப்படியே இருபத்திரண்டு வருஷம் போயிருந்தது.

குட்டிக் கேசட் இருபத்தொரு நாளில் முழு அளவுக்கு வளர்ந்தது. பிளேயரில் போட்டுப் பார்த்தபோது, நாதஸ்வரக்காரர் ஒருவர் திருவிழாக் கூட்டத்துக்கு நடுவில் சிரித்துக்கொண்டே வாசிப்பது போல இருந்தது. செம்பகம் அதற்கு முன்னூற்று நாற்பத்தொன்று என்று நம்பர் போட்டு, ஓரத்தில் சின்னதாகத் தாயின் நம்பரையும் தகப்பனின் நம்பரையும் எழுதினாள், எது தாய் எது தகப்பன் என்று தெரியாததால் இரண்டையும் பென்சிலில் எழுதினாள்.

சங்கதி தெருவுக்குத் தெரிய ஒரு வாரம் ஆனது. துணி காயப்போட மாடிக்கு வந்த பக்கத்து வீட்டுப் பவுன்தாய் அக்காதான் முதலில் பார்த்தாள், பார்த்துவிட்டு, "எத்தனை நாளைக்கு ஒரு தடவை போடுது?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் நாலு பெண்கள் வந்தார்கள், ஒருத்தி அலமாரிக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தாள், இன்னொருத்தி குட்டி இருக்கிற தட்டில் வேப்பிலை சொருகினாள், குளிர்ந்த காற்று படக் கூடாது என்று ஜன்னலைச் சாத்தச் சொன்னாள் மூன்றாமவள். வாரக் கடைசியில் தெருவே தங்கள் வீட்டுப் பெட்டிகளில் கிடந்த கேசட்டுகளைத் துடைத்து எடுத்துக்கொண்டு படியேறியது. கல்யாண வீட்டில் பதிந்தவை, கோயில் கொடையில் பதிந்தவை, வேதக்கோயில் தெருவின் கிறிஸ்தவ ஞானப்பாட்டுகள், பள்ளிவாசல் தெருவின் நோன்பு காலத்துப் பாட்டுகள் என்று எல்லாம் வந்தன, எல்லாவற்றுக்கும் நம்பர் போட்டு இடம் கொடுத்தாள் செம்பகம். பவுன்தாய் அக்கா மட்டும் பாட்டே இல்லாத கேசட் ஒன்றைக் கொண்டுவந்தாள். சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போய் அங்கேயே இறந்துபோன அவள் வீட்டுக்காரர் அனுப்பியது, அரை மணி நேரமும் சௌக்கியமா, மழை பெய்ததா, ஆடு சினையா இருக்கா என்று விசாரித்துக்கொண்டே இருப்பார். அதை ஒரு தெம்மாங்குக் கேசட்டின் பக்கத்தில் வைத்தார்கள். பிறந்த குட்டி பச்சை மூடியோடு இருந்தது, அதில் அந்த மனுஷன், உயிரோடு இருந்த நாளில் ஒரு வரிகூடப் பாடியறியாதவர், ஆடு சினையா இருக்கா என்று ராகம் போட்டுப் பாடினார். பவுன்தாய் அக்கா அன்றிலிருந்து தினமும் மத்தியானம் வந்து அதைக் கேட்டுவிட்டுப் போனாள். அழவில்லை. கேட்கும்போது காலை நீட்டி உட்கார்ந்துகொள்வாள், அவ்வளவுதான்.

கார்த்திகையில் தகராறு வந்தது. இடம் நெருக்கடியானதால் ஞானப்பாட்டுக் கேசட் ஒன்றும் கீழத்தெருக் கொடையில் பதிந்த கேசட் ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருந்துவிட்டன, அவை போட்ட குட்டியில் ஞானப்பாட்டின் மெட்டு உறுமி மேளச் சத்தத்தில் ஏறி வந்தது, அதைக் கேட்டவர்கள் இறங்கிப் போகும்போது வாய்க்குள் பாடிக்கொண்டே போனார்கள். ஒரு வாரத்தில் வேதக்கோயில் தெருவில் தண்ணீர் பிடிக்கிறவர்கள் அதை முனகினார்கள், கீழத்தெருவில் ஆடு மேய்க்கிறவர்கள் முனகினார்கள், மேலத்தெருவில் முகச்சவரம் செய்துகொண்டிருந்த தெருச் சங்கத் தலைவர் குருவையா, தன் வாயே அதை முனகுவதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டார். அன்று சாயங்காலமே நாலு தெருவுக்கும் ஆள் சொல்லி அனுப்பினார்.

கூட்டம் மாடி அறையில்தான் நடந்தது. விசாலம் மதினி எல்லாருக்கும் டீ கொடுத்தாள். கனகவேலுக்கு, நாலு தெருப் பெரிய மனுஷரும் தன் வீட்டில் உட்கார்ந்திருப்பதில் ஒரு பூரிப்பு.

"யாரையும் குறை சொல்லல," என்றார் குருவையா. "பாட்டு பெருகட்டும், நல்லதுதான். ஆனா எது யாரு பாட்டுன்னு ஒரு ஒழுங்கு வேணும்ல. இன்னைக்குப் பாட்டு கலக்கும், நாளைக்கு இந்தப் பாட்டைக் கேட்டு வளர்ற பிள்ளைக என்ன செய்யும்?"

அதற்கு வேதக்கோயில் தெருக்காரரும் தலையாட்டினார், பள்ளிவாசல் தெருக்காரரும் தலையாட்டினார், கீழத்தெருக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். நாலு தெருவும் ஒரே பேச்சில் நின்றது அந்த ஊரில் அதுதான் முதல் தடவை. ஆளுக்கு ஓர் இரும்பு பீரோ, ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு, ஒரு தெருவின் கேசட்டை இன்னொரு தெருக்காரர் தொடக் கூடாது, மிதிக்கக் கூடாது, நகர்த்தக் கூடாது என்று முடிவானது. அப்படியானால் எல்லாவற்றையும் எடுத்து அடுக்குவது யார் என்று கேள்வி வந்தபோது, குருவையாதான் பதிலும் சொன்னார்.

"செம்பகம்தான். கல்யாணம் ஆகாத பிள்ளை. அதுக்குன்னு ஒரு பக்கம் கிடையாது. அது தொட்டா யாருக்கும் குத்தம் இல்ல."

எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. கனகவேல் தங்கச்சியைப் பார்த்து, "கேட்டியா, ஊரே உன்னை மதிக்குது," என்றார். தன்னுடைய முன்னூற்று நாற்பதும் எந்த பீரோவில் போகும் என்று கேட்கத்தான் செம்பகம் வாயைத் திறந்தாள். அதற்குள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

பீரோக்கள் வந்தன. செம்பகம் தன் கேசட்டுகளை நாலாகப் பிரித்தாள், இருபத்திரண்டு வருஷமாகப் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவற்றைப் பிரித்தாள், பி பக்கத்தின் கடைசியில் மிக்கேல் பதிந்த அரைப் பாட்டுகளால் எந்தப் பிரிவிலும் சேராதவற்றை, முதல் பாட்டை வைத்துப் பிரித்தாள். ஆனால் பீரோவுக்குள் போனதாலும் அவை பெருகுவதை நிறுத்தவில்லை, தங்கள் வகைக்குள்ளேயே பெருகின, ஒன்றைப் போலவே ஒன்று பிறந்தது, தாய்க்கும் பிள்ளைக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கக் காதை நாடாவோடு ஒட்டி வைத்துக் கேட்க வேண்டியிருந்தது. மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ பீரோ மேலே ஏறியது. ஆயிரம் ஆனது, இரண்டாயிரம் ஆனது. ஒருநாள் ரேஷன் கடைக்குப் போய் இரண்டு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், சரியாகப் பூட்டாமல் விட்ட கதவிடுக்கு வழியாகப் பதினாலு குட்டிகள் தப்பிதமாகப் பிறந்திருந்தன. அன்றோடு அவள் வெளியே போவது நின்றது. தீப்பெட்டி ஆபீஸில் கனகவேலே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். சாப்பாட்டைத் தெருவுக்கு ஒரு நாளாக முறை வைத்து அனுப்பினார்கள், கொண்டுவந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள், சிலர் அவளைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

மறு வருஷம் ஐப்பசி வந்தபோது அறைக்குள் பத்தொன்பது பீரோக்கள் நின்றன. அவற்றுக்கு நடுவில் அவள் குறுக்காகத்தான் நடக்க முடிந்தது, படுத்தால் ஒருக்களித்துத்தான் படுக்க முடிந்தது, புரள வேண்டுமென்றால் எழுந்து நின்று திரும்பிப் படுக்க வேண்டும். ஜன்னலை ஒரு பீரோ முக்கால்வாசி மறைத்திருந்தது, மிச்சக் கால்வாசியில் பஸ் ஸ்டாண்டின் ஒரு மூலை தெரிந்தது, பஸ்கள் உள்ளே வருவது தெரியும், வெளியே போவது தெரியாது. பாட்டு கேட்பதை எப்போது விட்டாள் என்று அவளுக்கே நினைவில்லை. பெருகுகிறதை எழுதவே பகல் போதவில்லை. சில சமயம் நின்றபடியே கண்ணை மூடினால், நாலாபுறமும் இரும்புக்குள் நாடாக்கள் நெருங்கி உட்காரும் கிர்ரென்ற சத்தம் கேட்கும், தன் விலா எலும்புக்குள்தான் ஏதோ அடுக்கப்படுகிறது என்று தோன்றும்.

அந்த மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மிக்கேல் வந்தார். படியின் திருப்பத்தைத் தாண்டி ஆண்கள் யாரும் வரக் கூடாது என்று சங்கம் சொல்லியிருந்ததால் அங்கேயே நின்றார். பாதி திறந்த கதவுக்கும் பீரோவுக்கும் நடுவில் இருந்த சந்து வழியாக அவருடைய ஒரு தோளும் ஒரு காதும் காதோரத்து நரையும் மட்டும் தெரிந்தன.

"கடையை மூடுறேன்," என்றார்.

"ஆமா. சிடி வந்துருச்சே."

"நாகர்கோவில்ல தங்கச்சி இருக்கா. அங்க ரேடியோ, டிவி ரிப்பேர் கடை ஒண்ணு பார்த்துக் குடுத்திருக்கா. வர்ற வெள்ளிக்கிழமை ரெண்டரை மணி பஸ்ல போறேன்."

அவள் பீரோவின் கைப்பிடியைத் துடைத்தாள்.

"நீங்களும் வர்றீங்களா?"

இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது, லிஸ்ட்டில் எழுத்துப் புரியாமல் கேட்டவற்றைத் தவிர.

"இதையெல்லாம் யார் பார்ப்பா?" என்றாள்.

"அது எனக்குத் தெரியல. நான் கேட்டது அது இல்ல." தோள் திரும்பியது, படியில் செருப்புச் சத்தம் இறங்கிப் போனது.

திங்கட்கிழமை காலையில் அவள் அண்ணனிடம் சொன்னாள். மறைக்காமல் சொன்னாள், யாரோடு, எந்த பஸ்ஸில் என்பதையும் சொன்னாள். கனகவேல் கோபப்படுவார் என்று எதிர்பார்த்திருந்தாள், அவர் கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் போய்க் குருவையாவை அழைத்து வந்தார். குருவையா படித் திருப்பத்தில் நின்று, சந்துக்கு நேராக முகத்தை வைத்து, பெற்ற மகளிடம் பேசுவது போலப் பேசினார்.

"உன்னை யாரும்மா கட்டிப் போட்டா? தாராளமாப் போ. போறதுக்கு முன்னால எல்லாத்தையும் ஒழுங்கா அடுக்கி, நோட்டுல எழுதி முடிச்சு, அடுத்த ஆள் பார்த்தா புரியிற மாதிரி வச்சிட்டுப் போ. அவ்வளவுதான் கேக்கோம்."

"அடுத்த ஆள் யாரு?"

"பார்ப்போம். தை பிறக்கட்டும்."

அவள் நம்பினாள். திங்களும் செவ்வாயும் புதனும் வியாழனும் விடிந்தது முதல் பொழுது சாயும்வரை அடுக்கினாள், எழுதினாள், அடுக்கினாள். வியாழக்கிழமை பொழுது சாய்கிறபோது நோட்டில் கடைசி நம்பர் நாலாயிரத்து இருபது. முதல் பீரோவைத் திறந்தாள். அந்த நாலு நாளில் அதற்குள் மட்டும் எழுபது புதிதாகப் பிறந்திருந்தன. அவள் பேனாவை மூடி நோட்டின் மேல் வைத்தாள். வேலை பாக்கி இருக்கிறது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இது முடிகிற வேலையே இல்லை என்பதும், அது குருவையாவுக்குத் தெரியும் என்பதும், அண்ணனுக்கும் தெரியும் என்பதும் அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியதும், முகம் கழுவி, மாற்றுச் சேலை ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு கதவருகே வந்தாள். கதவு நாலு விரல்கடைதான் திறந்தது. வாசலோரம் நின்ற நாலு பீரோக்கள், தெருவுக்கு ஒன்று, உள்ளே நெருக்கிய கேசட்டுகளால் வயிறு புடைத்து ஒன்றையொன்று அழுத்திக் கதவை அடைத்திருந்தன. தள்ளிப் பார்த்தாள். தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தாள். அண்ணனைக் கூப்பிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, முதல் பீரோவைத் திறந்து, கைக்கு வந்த கேசட்டை எடுத்து அந்த நாலு விரல்கடைச் சந்து வழியாக வெளியே போட்டாள். அது படியில் ஒரு தட்டுத் தட்டி நின்றது. அடுத்ததைப் போட்டாள்.

மேலத்தெருவைப் போட்டாள், கீழத்தெருவைப் போட்டாள், பள்ளிவாசல் தெருவையும் வேதக்கோயில் தெருவையும் இரண்டு கையாலும் அள்ளிப் போட்டாள். சத்தம் கேட்டு முதலில் மதினி வந்தாள், பிறகு கனகவேல், பிறகு தெருவில் பாதிப் பேர். இருபத்திரண்டு படிகளிலும் கேசட்டுகள் முழங்கால் உயரத்துக்குக் கொட்டிக் கிடந்தன, எல்லாத் தெருவும் எல்லாத் தெரு மேலும் கிடந்தன. குருவையா வந்து முதல் படியில் காலை வைக்கப் போனவர், அங்கே கிடந்தது பள்ளிவாசல் தெருவுடையது என்று பார்த்துக் காலை எடுத்துக்கொண்டார். பள்ளிவாசல் தெருக்காரர் குனிந்தார், கைக்கு முன்னால் கொடைக் கேசட் கிடந்தது, நிமிர்ந்துவிட்டார். மிதிக்கக் கூடாது, தொடக் கூடாது, நகர்த்தக் கூடாது என்று அவர்களே எழுதிக் கையெழுத்துப் போட்டது. அத்தனை பேரும் படிக்குக் கீழே அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள்.

ஒரு மணிக்குப் பீரோக்கள் நகர்ந்தன. செம்பகம் விலாவைச் சிராய்த்துக்கொண்டு சந்து வழியாக வெளியே வந்தாள். ஒரு படியில் பாதம் வைக்கும் அளவுக்குக் கேசட்டுகளைக் கையால் ஒதுக்கினாள், இறங்கினாள், அடுத்த படியை ஒதுக்கினாள், ஒதுக்கியவை அவளுக்குப் பின்னால் சரிந்து வழியை மூடிக்கொண்டன. கைகள் அவளை மீறி, எடுத்ததை எதனோடு சேர்ப்பது என்று ஒவ்வொரு தடவையும் தயங்கின. தயங்கும்போதெல்லாம் கையை உதறிவிட்டு இறங்கினாள்.

பாதிப் படியில் இருந்தபோது கூட்டத்திலிருந்து பவுன்தாய் அக்காவின் குரல் கேட்டது. "என் வீட்டுக்காரர் எங்கடி இருக்கார்?"

செம்பகம் நின்று பார்த்தாள். "கீழே இருந்து ஆறாவது படி, அக்கா. சுவர் ஓரமா. பச்சை மூடி."

பவுன்தாய் அக்கா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேசட்டுகளுக்கு நடுவே ஏறினாள். எது யாருடையது என்று பார்க்கவில்லை. சிலது காலில் நொறுங்கின. பச்சை மூடியைத் தோண்டி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, செம்பகத்தின் தலையில் ஒட்டியிருந்த நாடாத் துண்டை எடுத்துவிட்டாள். "பஸ் ரெண்டரைக்குன்னா ரெண்டே காலுக்கே எடுத்துருவான். சீக்கிரம் போ."

கீழே வந்தபோது கனகவேல் குறுக்கே நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது, அது பொய் இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

"இப்படிப் போட்டுட்டுப் போனா எப்படி, பாப்பா? அடுக்கி வச்சிட்டுப் போ. அப்புறம் உன் இஷ்டம்."

அடுக்கி என்ற அந்த ஒரு சொல்லுக்கு அவள் உடம்பு கட்டுப்பட்டது. குனிந்து காலடியில் கிடந்த கேசட்டை எடுத்துவிட்டாள், அதன் முதுகில் இருந்தது அவள் கையெழுத்துத்தான், அதன் இடம் எந்த பீரோ, எந்தத் தட்டு, எதற்கு அடுத்தது என்பது எழுதி வைத்தாற்போல மனசில் வந்தது. தெரு முழுவதும் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கனகவேல் கொஞ்சம் விலகி, மாடிக்கு வழிவிட்டார்.

"அண்ணே," என்றாள், "இதைக் கொஞ்சம் பிடிங்க." அவர் கையில் அதைக் கொடுத்தாள். எந்தத் தெருவுடையது என்று தெரியாமல் வாங்கிவிட்ட அவர், கீழே போடவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் முடியாமல் இரண்டு கையாலும் ஏந்தியபடி நின்றார். விலகிய இடத்தின் வழியாக அவள் வெளியே போனாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழி முழுக்க அவள் குறுக்காகவே நடந்தாள், ஒரு தோளை முன்னால் வைத்து, எதிலும் இடித்துவிடாமல். தெரு அகலமாக இருப்பது பஜார் தாண்டிய பிறகுதான் உறைத்தது.

மிக்கேல் ஒரு இரும்புப் பெட்டியும் கயிறு கட்டிய ஸ்பீக்கரும் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து ஜன்னலோர இடத்தைக் காட்டினார். அவள் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்தாள். அவள் பக்கத்தில் உட்காரலாமா, எதிர் சீட்டில் உட்காரலாமா என்று தெரியாமல் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தார், பஸ் கிளம்பி ஆற்றுப் பாலத்தில் ஏறுகிறவரை.

கண்டக்டர் வந்தார். ஜன்னலோரம் இருக்கிறவளையும் நின்றுகொண்டிருக்கிறவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் சேர்ந்தா, தனித்தனியா?"

மிக்கேல் தொண்டையைச் செருமினார். செம்பகம் பையை எடுத்துக் காலடியில் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் இன்னும் நெருங்கி இடம் விட்டாள்.

"சேர்ந்துதான்," என்றாள்.